வட்டத்துள் சதுரம்: இமோஸ் பீட்சா குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் பீட்சாவை வட்டமாகச் சுட்டுச் சதுரமாக வெட்டுகிறார்கள். இவ்வழக்கத்தின் தலையாய காவலர், இமோஸ் என்னும் கடைத் தொடர். முக்கோணம் என்ற எளிய வழி இருக்க, ஒரு நகரம் சதுரத்தைப் பிடித்துக்கொண்டது ஏன்? இதை இதுகாறும் எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு ஏற்காதது வியப்பே.

2. கால ஆராய்ச்சி

எட் இமோவும் அவர் மனைவி மார்ஜியும் 1964இல் முதல் கடையைத் திறந்தனர். ஆண்டில் ஐயமில்லை. ஆய்வாளருக்கு இது பேரிழப்பு. இரண்டு நூற்றாண்டு முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ வழியில்லாமல் போயிற்று. ஆசிரியர் ஒருவரா பலரா என்ற சண்டைக்கும் இடமில்லை. இருவர், அதுவும் மணமானவர்கள். எனவே கருத்து வேறுபாடுகள் இருந்திருக்கலாம் என்று மட்டும் ஊகிக்கலாம்.

3. சதுரத்தின் தோற்றம்

எட் இமோ தரைக்கு டைல்ஸ் பதிப்பவராக இருந்தவர். அந்தக் கைப்பழக்கமே பீட்சாவிலும் கட்டம் போட்டது என்பது வழிவழிச் செய்தி. இது பிற்கால இடைச்செருகல் என்பாரும் உளர். அற்றன்று. வட்டமான அறைக்குச் சதுர டைல்ஸ் போட்டால் ஓரத்தில் சில்லு விழுந்தே தீரும். வட்டத்துள் அடங்கும் மிகப்பெரிய சதுரம் அதன் பரப்பில் ஏறக்குறைய 64 விழுக்காடுதான். மிச்சம் 36 விழுக்காட்டில் வளைந்த விளிம்புடைய துண்டுகளே தேறும். இந்தச் சேதாரத்தைக் கண்டு கலங்காதவர் டைல்ஸ்காரர் ஒருவரே.

சிகாகோவிலும் சதுர வெட்டு உண்டே, அங்கும் டைல்ஸ்காரரா எனின், அன்று. மெல்லிய மாவு எங்கிருந்தாலும் சிறு சதுரம் கைக்கு வசதி. அதிலும் இமோஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, அப்பளம்போல் நொறுங்கும். நீண்ட முக்கோணமாக வெட்டித் தூக்கினால் நுனி ஒடியும். ஆகவே தொழிற்பழக்கம் முதற்காரணம், மாவு துணைக்காரணம் என்க.

4. சமூக விளைவு

முக்கோண வெட்டில் எல்லாத் துண்டும் ஒரே குலம். சதுர வெட்டிலோ மூன்று வகுப்பு: விளிம்பே காணாத நடுத்துண்டு, ஒரு புறம் மொறுமொறுக்கும் ஓரத்துண்டு, யாருக்கும் கணக்கில் வராத சில்லு. சில்லைத் தின்றவர் தாம் ஒன்றும் தின்னவில்லை என்று சாதிக்கலாம். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்போர்க்கு இது பெருங்கொடை.

5. சீஸ் இயல்

மேலே உருகிக் கிடப்பது மொசரெல்லா அன்று, ப்ரொவெல். செடார், ஸ்விஸ், ப்ரொவலோன் ஆகியவற்றைக் கலந்து பதப்படுத்தியது. நூலாய் இழுபடாது, கடித்த இடத்தில் அறுபடும், பிறகு பல்லில் குடியேறும். செயின்ட் லூயிஸ் வட்டாரத்துக்கு வெளியே இது அரிது. வெளியூரார் இதைச் சீஸ் என்றே ஒப்புவதில்லை; உள்ளூரில் பிறந்து வேற்றூர் போனவரோ இதற்காக ஏங்குகிறார்.

6. முடிவு

நாக்குக்கு நடுநிலை கிடையாது. சிறுவயதில் எது வாய்த்ததோ அதன் கட்சியில் அது சேர்ந்துவிடுகிறது. இமோஸ் மிசௌரியையும் அக்கம்பக்கத்து மாநிலங்களையும் விட்டு அதிகம் நகராதது தோல்வியன்று, இந்த விதியின் நிரூபணம். வெளியார் ஏளனம் கூடக்கூட உள்ளூர்ப் பற்றும் கூடுகிறது. ஆதலின் ப்ரொவெலைப் பழிப்போர் அனைவரும் இமோஸின் சம்பளமில்லா விளம்பர ஊழியர் என்பது துணிபு.