கன்னிமாரைப் பாக்கப் போற மருமவனுக்கு

ஏலே மருமவனே, நீ சீமைக்குப் போய் கடலோரத்து வெள்ளைப் பாறைமேல நடக்கப் போறியாம். உங்க ஆத்தா பூ மார்க்கெட் வரைக்கும் சொல்லி முடிச்சிட்டா. நடக்கதுக்குன்னே தனியா ஒரு சோடி சப்பாத்து வாங்கியாச்சாமே! நல்லது. பொண்ணே பாக்கல, தொட்டிலு வந்துட்டு.

போன்ல படம் காமிச்சியே, அதைத்தான் ரெண்டு நாளா நெனச்சிக்கிட்டு இருக்கேன். செவன் சிஸ்டர்ஸுன்னு பேராம். நம்ம கம்மாக்கரையில ஏழு கன்னிமாரும் ஒத்த வேப்பமரத்து நெழல்ல ஒடுங்கி இருக்காளுவ. அங்க ஒவ்வொருத்திக்கும் ஒரு மேடு. அதுலயும் எண்ணிப் பாத்தா எட்டு மேடு வருதுன்னு நீயே சொன்னே. பக்கத்துலயே பீச்சி ஹெட்டுன்னு ஒண்ணு, 162 மீட்டராம். நம்ம கோயில் கோபுரம் 125 அடி. அதை ஒண்ணுமேல ஒண்ணா நாலு அடுக்குனாலும் அந்த உச்சியைத் தொடாது. நீயோ கழுகுமலையில பாதிப் படியேறி, மூச்சு வாங்கி, எளநிக்காரனைத் தேடுன ஆளு.

கோவிச்சுக்காதே. போகாதேன்னு சொல்லல. மொதல்ல வர்க்கலைக்குப் போயிட்டு வாங்கேன்.

விசா வேண்டாம். ராத்திரி நம்ம ஸ்டேஷன் வழியாப் போகுதே கொல்லம் எக்ஸ்பிரஸ், அதுல ஏறு. செங்கோட்டை தாண்டுனதும் தூங்கிராதே. 1904-ல வெள்ளைக்காரன் மலையைக் கொடஞ்சு போட்ட பாதை அது. மீட்டர்கேஜைப் பிடுங்கிட்டு 2018-லதான் முழுசா அகலப்பாதை ஆக்குனாவ. பதிமூணு கண்ணுப் பாலத்தைப் பாக்காம கொல்லத்துல எறங்குனேன்னு சொன்னே, டிக்கெட் காசு தெண்டம். கொல்லத்துல வண்டி மாறுனா அரை மணி நேரத்துல வர்க்கலை.

அங்க பாறை வெள்ளை இல்ல, செவப்பு. செம்புரான்கல்லு. மலையாளத்தான் வெட்டுகல்லும்பான், கோடாலியால வெட்டி எடுத்து வீடு கட்டுவான். உசரம் நம்ம கோபுரத்தளவுகூட வராது. ஆனா கடலு நேரா அதோட காலடியில வந்து முட்டும். மேல செவப்புக்கல்லு, அது முழுக்க ஓட்டை. பேஞ்ச மழையெல்லாம் உள்ள எறங்கும். கீழ களிமண்ணுல நின்னு, வழி இல்லாம பாறையோட பக்கத்துல ஊத்தாக் கசியும். அந்தக் கசிவுதான் பாறையை உள்ள இருந்து தின்னுது. வெளியில கடலு தின்னுது. மேல நின்னு செல்பி எடுக்கவனுக்கு இது ரெண்டும் தெரியாது.

நான் எங்க அய்யாவுக்குத் திதி கொடுக்க ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் கடக்கரைக்குப் போயிருந்தேன். நம்ம தாமிரபரணிப் பாபநாசம் இல்லலே, வர்க்கலையிலயும் ஒரு பாபநாசம் இருக்கு. முழுகிட்டு வந்து பாறை ஓரமா நின்னு வேட்டியைப் பிழியுதேன். மேல இருந்து வடைச்சட்டி அகலத்துக்கு ஒரு மண்ணுக்கட்டி பொத்துன்னு பக்கத்துல விழுந்துச்சு. நிமிந்து பாத்தா, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பய, குதிங்கால் பாறையில, பெருவெரலு அந்தரத்துல. நம்ம கோயில் கோமதியம்மன் புத்துமண்ணை நெத்தியில பூசிக்கிட்டுப் பழக்கப்பட்டவன் நான். மண்ணு அதுவாத் தலைக்கு வாரது எனக்குப் பழக்கமில்ல. வேட்டியில பட்ட செவப்புக் கறை இன்னும் போகல, உங்க அத்தை அதை இப்ப அடுப்படித் துணியா வச்சிருக்கா.

அதனால, ஓரத்துல இருந்து ஒரு மாட்டுவண்டி திரும்புற அளவு தள்ளியே நட. புல்லு மொளச்ச எடம் கெட்டியா இருக்கும்னு நெனைக்காதே, அடியில மண்ணு இருக்கா இல்லையான்னு புல்லுக்கே தெரியாது. சீமையிலயும் இதே கதைதான். சுண்ணாம்புக்கட்டி இன்னும் மோசம். பெல் டூட்டுன்னு ஒரு வெளக்குக் கூண்டு, கரை கரைஞ்சு கரைஞ்சு கிட்ட வந்துட்டு. 1999-ல அம்புட்டுக் கட்டடத்தையும் ஜாக்கி வச்சுத் தூக்கி 17 மீட்டர் உள்ள நகத்துனாவளாம். கல்லுக் கட்டடமே பயந்து பின்வாங்குன எடத்துல நீ முன்னால போய் நிக்கணுமா?

ஆடி ஆவணி வேண்டாம். குத்தாலத்துல நமக்குச் சாரலாத் தெரியுதே, அதே மழைதான் மலைக்கு அந்தப் பக்கம் பேயாட்டம் ஆடும். மணலே தெரியாது, அலை நேரா பாறையில அறையும். கார்த்திகைக்கு மேல போ. காலையிலேயே கெளம்பிரு. மேற்கு பாத்த கரை, சாயங்கால வெயிலு மூஞ்சியிலதான் அடிக்கும். பாறை மேலயே வடக்க பிடிச்சு, ஓடயம், எடவா, அப்பறம் காப்பில். அங்க காயலும் கடலும் ரெண்டு பக்கமும் தண்ணியா நிக்க, நடுவுல ரோடு போகும். கால் போதும்னா காப்பில்லயே ஸ்டேஷன் இருக்கு, பாசஞ்சர் பிடிச்சுத் திரும்பு. பாறைமேல இருக்க கடையில மட்டும் வெலையைக் கேக்காம உக்காராதே. எனக்கு ஒரு டீக்குச் சொன்ன வெலையில, நம்மூர்ல குடும்பத்தோட புரோட்டா சாப்பிட்டிருப்பேன்.

காலைப் பழக்கணும்னா சப்பாத்து எதுக்கு? ஆடித்தவசுக்குக் கொடியேறட்டும், பெரியாத்தா கூட ஆடிச்சுத்து சுத்து. அம்மன் ஒத்தக்கால்ல நிக்காளேன்னு எழுவது வயசுக் கெழவி வெறுங்காலோட கோயிலை நூத்தியெட்டு தடவை சுத்துதா. போன வருசம் நீ பதினோராவது சுத்துல தெப்பக்கொளத்துப் படியில உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருந்தே. அவ உன்னைப் பத்து தடவை தாண்டிப் போனா, நான் எண்ணுனேன்.

சரி, வர்க்கலைக்கு ஒருத்தனாப் போகாதே. ஓரத்துக்குப் போறப்ப சட்டையைப் பிடிச்சு இழுக்க ஒரு ஆளு வேணும்லா. அந்த ஆளு யாருன்னு நான் சொல்லல. டிக்கெட் போடுறப்ப ரெண்டாப் போடு, அதுல ஒண்ணு கீழ் பெர்த்தாப் பாத்துக்கோ. முட்டி வலி இருக்க ஆளு.