சிஸ்டம் அண்ணாச்சி

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டால், கல்லிடைக்குறிச்சியில் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பழைய விண்டோஸ் கண்விழிக்கும்போது ஓர் ஓசை எழுப்புமே, அக்ரஹாரத்து ஒட்டுச்சுவர் வீடுகளில் அது நாலு வீடு தாண்டிக் கேட்கும். ஒரே சாயங்காலத்தில் அந்த ஓசை திரும்பத் திரும்பக் கேட்டால், தெருக்கோடியில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர்தான் சிஸ்டம் அண்ணாச்சி. அவருக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு சிஸ்டம் அண்ணாச்சி இருக்கிறார். ஏதோ ஓர் ஆபீசில் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, மற்றவர்கள் எட்ட நின்று பார்க்க, இவர் மட்டும் கிட்டப்போய் உறையைக் கழற்றியிருப்பார். அன்றிலிருந்து இவர்தான் அத்தாரிட்டி. ஓய்வு பெற்ற பிறகு ஆபீஸ் போய்விட்டது, அத்தாரிட்டி போகவில்லை. வேட்டி மடிப்பில் ஒரு பென் டிரைவ். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் டெஸ்டராகவும் ஸ்குரூ டிரைவராகவும் பயன்படும் ஒரு கருவி, பெயின்ட் அடிக்கும் பிரஷ் ஒன்று, பள்ளிக்கூடத்து ரப்பர், எக்ஸ்.பி. காலத்து சி.டி.க்கள் சில.

காசு வாங்க மாட்டார். அதுதான் பெரிய ஆபத்து. காசு வாங்குகிற ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம். ஒரு டம்ளர் காபிக்காகத் தரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் மல்லுக்கட்டுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

வைத்தியர் என்றால் முதலில் “எப்போதிருந்து? எந்த நேரத்தில்?” என்று கேட்பார். அண்ணாச்சி அதைக் கேட்டதே இல்லை. அவருடைய முதல் கேள்வி, “என்ன மாமா டவுன்லோடு பண்ணினீங்க?” மாமா ஒன்றுமே செய்திருக்க மாட்டார். யூட்யூபில் ‘ஸ்ரீ லக்ஷ்மி வராஹம்’ கேட்டுக்கொண்டிருப்பார். முத்துசுவாமி தீட்சிதர் இந்த ஊர்ப் பெருமாள் மேல் ஆபோகியில் பாடிய கிருதி; அதை உள்ளூர்க்காரர் கேட்பதில் என்ன தவறு? பல்லவி முடிந்து அனுபல்லவியில் கால் வைக்கும்போது திரை கறுத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்கிற தோரணையில், எழுபது வயது மாமா தான் என்னவோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதாகவே நம்பி, மாமியின் கண்ணைத் தவிர்ப்பார்.

“வைரஸ்” என்பார் அண்ணாச்சி. தீர்ப்பு வந்துவிட்டது. விசாரணை இனிமேல்தான்.

இந்த வைரஸ் பித்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது நியாயமானதும்கூட. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்று ஒரு புழு உலகம் முழுக்கப் பரவியது. இன்டர்நெட்டில் இணைத்தால் போதும், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி அறுபது விநாடியில் அணையப்போவதாகச் சொல்லி, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று இறங்கும். அடுத்த ஆண்டே ‘சாஸர்’ என்று அதன் பங்காளி ஒன்று வந்தது. அந்தக் காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில், அம்பாசமுத்திரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் வரிசையாக எல்லாப் பெட்டிகளும் எண்ணிக்கொண்டிருக்க, அண்ணாச்சி கறுப்புத் திரையைத் திறந்து ‘ஷட்டவுன்’ என்று அடித்து, ஓர் இடைவெளி, ஒரு கோடு, ஓர் ‘ஏ’ போட்டு என்டரைத் தட்டினார். எண்ணிக்கை நின்றுவிட்டது. கூடியிருந்த காலேஜ் பையன்கள் கைதட்டினார்கள் என்பது அவர் வாக்குமூலம். அந்தக் கைதட்டல் இன்றுவரை அவர் காதில் ஓயவில்லை. அதற்கப்புறம் எந்தக் கம்ப்யூட்டர் எதற்காக அணைந்தாலும் அவருக்கு அது பிளாஸ்டரின் பேரன், பேத்திதான்.

வைரஸுக்கு மருந்து பலிக்கவில்லை என்றால் அடுத்தது அறுவை சிகிச்சை. பத்தமடைப் பாயை விரித்து, கேபினட்டைப் படுக்க வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றுவார். நினைவகச் சில்லைப் பிடுங்கி அதன் தங்கப் பல்வரிசையை ரப்பரால் தேய்ப்பார். சிரிக்காதீர்கள், இது உண்மையிலேயே வேலை செய்யும். அந்தத் தொடுமுனையில் படியும் அழுக்கால் ராம் ஒழுங்காகப் பதியாமல் கம்ப்யூட்டர் தடுமாறுவது சகஜம். பழைய மதர் போர்டுகளில் கெப்பாசிட்டர் உப்பிப்போயிருப்பதைப் பார்த்தவுடன் சொல்வார். அதுவும் சரி, இரண்டாயிரத்தின் முதல் வருஷங்களில் வந்த மட்டமான கெப்பாசிட்டர்கள் வீங்கி, ஒழுகி, எத்தனையோ போர்டுகளைக் கொன்றிருக்கின்றன. அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரிந்ததெல்லாம் சரி, எங்கே பொருத்துவது என்பதில்தான் கோளாறு.

தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் சூடு சுமார் நூறு டிகிரியை நெருங்கினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினையே அணைத்துவிடும். மேலே உள்ள விசிறியும் அலுமினியத் தகடுகளும் அடைத்துக்கொண்டால் சித்திரை மாதத்தில் இது தினசரி நடக்கும். மற்ற ஊர்களில் தகட்டை அடைப்பது வெறும் தூசி. அப்பளத்துக்குப் பேர்போன இந்த ஊரில், பக்கத்து வீட்டில் அப்பளம் இட்டால், உளுந்த மாவும் சேர்ந்து படியும். ஆற்றங்கரை ஈரமும் கூடினால் அது இறுகிப் பிரஷுக்கு அசைந்து கொடுக்காது. அண்ணாச்சி இதற்குக் கண்டுபிடித்த நிரந்தரத் தீர்வு, பக்கத் தகட்டை மறுபடி மாட்டாமலே விட்டு, ஒரு டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைப்பது. கம்ப்யூட்டர் குளிர்ந்தது. மாமா வியர்த்தார். திறந்த கேபினட்டுக்குள் ஒரு பல்லி குடிவந்தது.

எல்லாம் முடிந்து மூடும்போது பாயில் சில ஸ்குருக்கள் மிச்சமிருக்கும். “இது கம்பெனிக்காரன் அதிகப்படியா போட்டது” என்று காகிதத்தில் பொதிந்து மாமியிடம் கொடுப்பார்.

நான் சொல்லவந்த வீட்டில் அவருக்கு ஏகாதசி பெரிய உபகாரம் செய்தது. ராமை ரப்பரால் தேய்த்த மறுநாள் ஏகாதசி. சாயங்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஓடியது. அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ராமின் மகிமையை எடுத்துச் சொன்னார். துவாதசியன்று மாலை திரும்பவும் அணைந்தது. “அப்ப எஸ்.எம்.பி.எஸ். போயிட்டு” என்றார், கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியைக் காட்டி. மாமா பஸ் ஏறி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எல்லாம் தாண்டி, சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் போய், திருநெல்வேலி ஜங்ஷனில் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவந்தார். அதுவும் அணைந்தது. அடுத்த ஏகாதசிக்கு மறுபடி ஓடியது.

கடைசி அஸ்திரம் ஃபார்மட். வட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அழித்தபிறகுதான் கேட்டார், “உள்ள ஏதாச்சும் வச்சிருந்தீங்களா?” பேரனின் ஆயுஷ்ஹோமப் படங்கள் இருந்தன. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது அண்ணாச்சி சொன்ன ஆறுதல் இந்த ஊர்க்காரர் மட்டுமே சொல்லக்கூடியது: “விசனப்படாதீங்க மாமி. நம்ம குலசேகரமுடையார் கோயில் நடராசரு 1982-ல களவு போனாரு. 2019-ல ஆஸ்திரேலியாவுலேருந்து திரும்பி வரலியா? போட்டோ எங்கன போயிரும்?” தகவல் முழுக்கச் சரி. அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து சிலை திரும்பி வந்தது. ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் போலீஸ்காரர்களும் ஆர்வலர்களும். யாரும் இடையில் நடராஜரை ஃபார்மட் செய்யவில்லை.

இதற்குள் அமெரிக்காவிலிருந்து மகன் களத்தில் இறங்கினான். அங்கிருந்தபடியே இந்தத் திரையைத் தன் திரையில் கொண்டுவந்து பார்த்தான். பிழை வந்தால் விண்டோஸ் நீலத்திரையை ஒரு நொடி காட்டிவிட்டு உடனே ரீஸ்டார்ட் ஆகும்படியே கம்பெனியில் வைத்திருப்பார்கள். ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி’ என்ற இடத்தில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும், அதில் உள்ள எண்ணை வைத்து நோயைத் தேடலாம். மகன் டிக்கை எடுத்தான். நீலத்திரை வரவேயில்லை, நேராக அணைந்தது. அணைந்ததும் அவன் இணைப்பும் அறுந்தது. மறுபடி வந்து ஈவன்ட் வியூவரைத் திறந்தான். ‘கெர்னல் பவர் 41’ என்றிருந்தது. ஒழுங்காக மூடப்படாமல் மெஷின் எழுந்தது என்பதுதான் அதற்குப் பொருள். ஏன் என்று அது சொல்லாது.

“அண்ணாச்சி, நீலத்திரையே வரல்லைன்னா சாஃப்ட்வேர் இல்லை. அங்க கரண்ட்ல ஏதோ கோளாறு” என்றான் மகன்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. “தம்பி, பாபநாசத்துல 1944-லேயே தாமிரவரணித் தண்ணியில கரண்டு எடுத்தவன் நாம. நம்ம கரண்டுல கொறை சொல்லாதீங்க. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு என்ன வேணும்னாலும் சொல்லலாம்.” பாபநாசம் மின்சாரம் நேராகக் கல்லிடைக்குறிச்சிக்குக் குழாயில் வருவதில்லை, மாநிலத்து மின்தொகுப்பில் போய்க் கலக்கிறது என்பதை அவரிடம் எடுத்துச்சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஊர்ப்பற்று என்று ஒன்று வந்துவிட்டால் வோல்டேஜ் மீட்டர் பார்ப்பது துரோகமாகிவிடும்.

கிரைண்டருக்குக் கல் மாற்ற ஒரு பையன் வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன், பேச்சுக் குறைவு. அவனிடம்தான் மாமி மனம்விட்டுச் சொன்னாள்: “நான் அன்னிக்கே சொன்னேன்டாப்பா. நான் கிரைண்டரைப் போட்டா அது போயிடறதுன்னு. யார் கேட்டா? ‘மாமி, இது வேற சமாச்சாரம்’னுட்டா.” தெருவில் மூன்று வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுப்பவள் மாமி. தினம் சாயங்காலம் கிரைண்டர் ஓடும். ஏகாதசியன்று மட்டும் தொட மாட்டாள்.

பையன் கிரைண்டரைப் போட்டான். கூடத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டுப் போய் யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினான். ஒரு விநாடிகூடத் தாங்காமல் அது ‘கீச்’ என்று கத்தி ஓய்ந்தது. உள்ளே இருக்கும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுதான் ஆயுசு. இது செத்துப்போனதே யாருக்கும் தெரியவில்லை. பழைய வீடு, ஒரே லைனில் கூடமும் அடுக்களையும். கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுக்கும், வோல்டேஜ் சரியும். சரிந்தவுடன் யூ.பி.எஸ். கடமை தவறாமல் பேட்டரிக்கு மாறும். அங்கே ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்., மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அணைந்தது. வோல்டேஜ் திரும்பியதும் எழுந்தது. ஆகமொத்தம் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற வாங்கிய பெட்டிதான் அதைக் கொன்றுகொண்டிருந்தது.

பேட்டரியை மாற்றி, கிரைண்டருக்குத் தனி லைன் இழுத்ததும் தொல்லை தீர்ந்தது. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். காபியை ஆற்றியபடி முழுக்கக் கேட்டார். “இப்ப யூ.பி.எஸ்.ஸுக்குள்ளயும் வைரஸ் வருது” என்றார்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படிப் படுத்தினால், அது எப்போதெல்லாம் அணைகிறது, அந்நேரம் வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று ஒரு காகிதத்தில் நாலு நாள் எழுதி வையுங்கள். அடுக்களையில் இருப்பவரைக் கட்டாயம் கேளுங்கள். படங்களை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். சிஸ்டம் அண்ணாச்சியைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். நல்ல மனுஷர், இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். அவர் கேபினட்டைத் திறக்குமுன் பிளக்கை மட்டும் நீங்களே பிடுங்கிவிடுங்கள். அவர் பிடுங்க மாட்டார்.