தாத்தாவின் சைக்கிளும் என் கம்பெனிக் காரும்

துரையின் கார் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்கவேண்டும். புழுதி அடங்கியபின் ஏறிக்கொள்ளலாம். தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்து நடைமுறை அது. மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் 1941இல் வேலைநிறுத்தம் வெடித்தபோது, வெள்ளைக்காரன் எதிரே சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. சீனருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்றார்கள். அதே மூச்சில் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூலியையும் கூட்டு, அதைக் குடிக்கிற கடையையும் மூடு! இப்படிக் கேட்கும் சங்கம் இன்று எங்காவது இருந்தால் சந்தா கட்டத் தயார்.

தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் பத்திரிகைக்காரர். மே மாதம் அவரைக் கைது செய்து, பின் நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை, ராணுவம், துப்பாக்கிச் சூடு. 5 பேர் செத்தார்கள்.

நான் கிள்ளானில் மதுபான விநியோகக் கம்பெனி ஒன்றில் விற்பனை மேற்பார்வையாளன். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங் வரை என் ஏரியா. தொழிற்பேட்டையில் எந்தத் தொழிற்சாலையில் என்றைக்குச் சம்பளம் என்பது எனக்கு மனப்பாடம். முன்பு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியனாக இருந்தேன். மரியாதை இருந்தது, மாதக் கடைசியில் அது மட்டுமே இருந்தது.

இப்போது கம்பெனிக் கார். யாருக்காகவும் இறங்குவதில்லை. மேனேஜர் போன் செய்தால் மட்டும் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். அது சாலைப் பாதுகாப்பு. தாத்தா கேட்ட படிப்பும் வந்துவிட்டது: மகளின் கல்லூரிக் கட்டணத்தை என் கமிஷன் கட்டுகிறது. 2024இல் செப்பாங் வட்டாரத்துச் சீனப்பள்ளி ஒன்றின் நிதிதிரட்டலில் பீர் பெயர் போட்ட மாதிரிக் காசோலை பெரிய சர்ச்சையானபோது, எங்கள் ஆபீசில் கொள்கை பற்றி இரண்டு நாள் சூடான விவாதம். மூன்றாம் நாள் மாதாந்திர டார்கெட் வந்தது.

தீபாவளிக்கு வந்த அத்தைதான் நேராகக் கேட்டார்.

"ஏன் தம்பி, வேற வேலையே கெடைக்கலயா?"

"வேலை கெடைச்சது அத்தை. சம்பளம்தான் கெடைக்கல."

அத்தை சிரிக்கவில்லை. கள்ளுக்கடையால் எத்தனை குடும்பம் அழிந்தது என்று தாத்தா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். பிறகு முறுக்கை ஒடித்தபடி, "பேரனுக்கு லோரி லைசன்ஸ் இருக்கு, சும்மாதான் கெடக்கான். ஒங்க ஸ்டோர்ல ஆள் எடுக்கறாங்களா?" என்றார்.