பூந்தொட்டிப் பட்டா

எதிர்வீட்டில் மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டிய அன்றே பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரிக்கு தர்மாவேசம் வந்துவிட்டது. "காத்து போச்சு, வெளிச்சம் போச்சு, செட்பேக் எங்கே சார்?" ஆட்சேப மனு தயார். நானும் கையெழுத்துப் போட்டேன். அது தட்டச்சானது, அவர் தன் செட்பேக்கில், அதாவது கட்டாமல் விடவேண்டிய காலி இடத்தில், தகரம் போட்டு வாடகைக்கு விட்டிருக்கும் ஜெராக்ஸ் கடையில். (என் வீட்டுச் சாய்தளமும் தெருவுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.)

சென்னையில் வரைபடத்தில் கார் நிறுத்துமிடமாக இருக்கும் தரைத்தளம், அனுமதி முத்திரையின் மை காய்வதற்குள் டியூஷன் சென்டர் ஆகிவிடும். கார் வாடகை தராது, பிள்ளைகள் தருவார்கள். ஆகவே கார் தெருவுக்கு வரும். பின்னாலேயே அதன் பரிவாரம்: சிமெண்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பா, கால் உடைந்த நாற்காலி, பூந்தொட்டி. தெருவில் இரண்டு தொட்டி வைத்தால் அது பட்டா. "மீறினால் காற்று பிடுங்கப்படும்" என்ற பலகை பத்திரப்பதிவு. நடக்கிறவன் நடுரோட்டில் சாகட்டும்.

சட்டம் தூங்குகிறது என்று யார் சொன்னது? அது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, காசு கட்டினால் விதிமீறலுக்கு மன்னிப்பு என்றார்கள். ஒரே ஒரு முறைதான் என்பதால் 2000-ல் உச்ச நீதிமன்றமும் விட்டுக்கொடுத்தது. உடனே கெடுவை இழுத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை வெட்டியது. 2012-ல் 113-சி வந்தது, 2007 ஜூலை 1-க்கு முந்தைய பாவங்களுக்கு. விதிப்படி இடம் விட்டுக் கட்டியவனைப் போல ஏமாளி இந்த ஊரில் உண்டா? அவன் விட்ட இடத்துக்கு வட்டியும் இல்லை, மரியாதையும் இல்லை.

ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டார்கள். கார் நிறுத்த இடம் உண்டு என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் பெரும்பாலான ஊர்களில் கார் பதிவாகும். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால், முதல் வேலையாகச் சான்றுக்கு ரேட் பேசி முடித்துவிடுவோம்.

எங்கள் மனுவுக்கும் ஆய்வு நடந்தது. ஜீப் நிறுத்த இடமில்லாததால் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன வாரம் மூன்றாவது மாடிக்குக் கிரகப்பிரவேசம். முதல் பந்தியில் மனுதாரர். அழைப்பிதழில் "கார் நிறுத்த வசதி உண்டு" என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வசதி, என் வீட்டு கேட் வாசல்.