பதினைந்து ரூபாய் இடிக்கிறது

லேமன் பிரதர்ஸ் திவாலான சேதியை எனக்குச் சொன்னது ஒரு பக்கோடாப் பொட்டலம்.

2008 செப்டம்பர் கடைசி. இமாசலத்தில் ரெக்காங் பியோ பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், பேப்பர், டிவி எதுவும் பார்க்காமல் ஓடியிருந்தது. என் இந்தியோ எழுத்துக் கூட்டிப் படிக்கிற இந்தி. பொட்டலத்தில் எண்ணெய் ஊறாத மூலையில் 'லேமன்' என்று ஒரு பெயர், பக்கத்தில் '158 வருஷம்', கீழே 'முடிந்தது' என்கிற மாதிரி ஏதோ. அந்தப் பக்கத்தில் இந்த வயதெல்லாம் சகஜம். வழியில் கும்பிட்ட பாபாக்களில் இளையவருக்கே 110 என்றார்கள். யாரோ லேமன் பாபா சமாதி ஆகிவிட்டார், கல்யாணச் சாவு என்று நினைத்துக்கொண்டு, அவர் மேலேயே கையைத் துடைத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

2007-இல் ஒரு சென்னைக்காரன் ஐடி வேலையைத் தானாக விடுவது பெரிய வீரமில்லை. ராஜினாமா கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், டீ ஆறுவதற்குள் பக்கத்துக் கட்டடத்துக்காரன் ஆஃபர் லெட்டரோடு வந்து நிற்பான். அந்தத் தெம்பில்தான் நவம்பர் 30-ஆம் தேதி ஓஎம்ஆர் ஆபீசில் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அப்போது மாதம் 32,000 சம்பளம். "நல்லா சுத்திட்டு வா. வந்ததும் ஒரு போன் போடு, மறுநாளே சீட்டு ரெடி" என்றார் மேனேஜர். டிசம்பர் 4-ஆம் தேதி கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுராவுக்குக் கிளம்பினேன்.

மஜுலித் தீவு, தவாங், காசி, கட்ச், லே என்று சொல்லிக்கொண்டே போகலாம். யாரும் கேட்பதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 200 பக்க நோட்டு ஒன்றில் அன்றாடச் செலவை எழுதிவந்தேன். இதில் என் ஒழுக்கம் ஒன்றுமில்லை. அப்பா கருவூலத்தில் 34 வருஷம் குப்பை கொட்டிக் கண்காணிப்பாளராக ரிட்டையர் ஆனவர். வீட்டில் கீரைக்கட்டு வாங்கினால்கூட வவுச்சர் இருக்கிறதா என்று கேட்பார். எனக்கு அது ரத்தத்தில் வந்தது.

2008 நவம்பர் 24-ஆம் தேதி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நிஷா புயல். ஆதம்பாக்கத்தில் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, கடைசியில் கட்டிலுக்கு அடியில் நான் தள்ளியிருந்த பையைக் கண்டுபிடித்தது. நிமதி காட் படித்துறையில் படகேறி பிரம்மபுத்திராவைக் கடந்தபோது ஒரு சொட்டுப் படாத நோட்டு, என் சொந்தக் கட்டிலுக்கு அடியில் ஊறிப்போனது.

நோட்டைக் காயவைக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். கரண்ட் இல்லை. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டியவர் படிக்காமல் இருப்பாரா? மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். கடைசிப் பக்கத்தில் மொத்தம் ரூ.94,615 என்று போட்டு அடிக்கோடிட்டிருந்தார்.

"பதினஞ்சு ரூபாய் இடிக்குதே" என்றார்.

"எங்கப்பா?"

"ஜூலை 9-ந்தேதி மணாலியில முடிவிருப்பு 640. மறுநாள் கேலாங்ல ஆரம்ப இருப்பு 625. ராத்திரியோட ராத்திரியா பதினஞ்சு ரூபாய் எங்க போச்சு?"

பதினொன்றரை மாதத்தில் ஒரு பையன் என்னவெல்லாம் பார்த்தான் என்று கேட்கவில்லை. அந்தப் பதினைந்து ரூபாய் எங்கே போனது என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.

அம்மா உலகப் பொருளாதாரத்தை வேறு மாதிரி நினைவு வைத்திருந்தாள். "அண்ணா பொறந்த நாளுக்கு ரேஷன்ல அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்துச்சு பாரு, அன்னைக்குத்தான் அமெரிக்காவுல அந்த பேங்க் விழுந்துச்சாம்." சரிபார்த்தேன். இரண்டுமே 2008 செப்டம்பர் 15. அம்மா சொன்ன பிறகுதான் பக்கோடாப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்து, லேமன் பாபா யாரென்று புரிந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டேன். ஏதோ பீரோவுக்குள் ஒளிந்துகொண்டு பேசுகிற குரலில், "என் சீட்டே எனக்கு இருக்குமான்னு தெரியலப்பா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். பழைய நண்பர்களை விசாரித்தால், ஒருவன் மூன்று மாதமாக பெஞ்சில் இருந்தான். இன்னொருவன் ஆபீசில் பேப்பர் கப்பை நிறுத்திவிட்டார்கள், எல்லோரும் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுபோகிறார்கள். கேம்பஸில் தேர்வான சித்தப்பா மகள், ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக ஆறு மாதமாகக் காத்திருந்தாள். நௌக்ரியில் தினமும் காலையில் ரெசுமேயில் ஒரு கமாவை எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே கமாவை வைத்தால், புதுப்பித்ததாகக் கணக்காகி மேலே வரும் என்றான் ஒருவன். செய்தேன். ஒரு மாதத்தில் அந்தக் கமா தேய்ந்ததுதான் மிச்சம். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் நான் கட்ச்சில் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம் என்பது தெரிந்ததும், ஒன்பது வருஷ சீனியாரிட்டி போச்சே என்று அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை ஊரிலிருந்து ஆறுதலாகச் சொன்னாள்: "இங்க வந்துடு ராசா, எல்லா ஊருக்கும் நூறு நாள் வேலை வந்துடுச்சு."

இதெல்லாம் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம், அந்தப் பதினொன்றரை மாதத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான்.

வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனான் என்று அப்பா ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ட்ரெய்னிங், ப்ராஜெக்ட், டெல்லி என்று உறவுக்கு ஒன்றாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். இப்போது அமெரிக்காவே அவருக்குக் கைகொடுத்தது. பெரியப்பாவுக்குப் போன் செய்து கம்மிய குரலில், "ரிசஷன்ண்ணே. பையனுக்கு வேலை போச்சு" என்றார். அந்தக் குரலுக்குள் எவ்வளவு நிம்மதி! வேலையைத் தொலைத்த மகனுக்கு ஊரில் மரியாதை உண்டு, அவன் பக்கம் பேப்பரே பேசுகிறது. வேலையை விட்ட மகனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கையில் ஒரு டஜன் வாஷிங்டன் ஆப்பிள். அமெரிக்காவால் வேலை போனவனுக்கு அமெரிக்க ஆப்பிள். இரண்டு மாதம் முன்னால் கின்னோர்த் தோட்டத்தில் மரத்திலிருந்து பறித்துத் தின்றவன் நான், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். "எப்படிக் கறுத்துட்டான் பாரு கவலையில" என்றாள் பெரியம்மா. அது லடாக் வெயில்.

டிசம்பர் முதல் வாரத்தில் அப்பா பேப்பரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அமெரிக்காவில் பொருளாதார அறிஞர்கள் கூடி, மந்தநிலை எப்போது தொடங்கியது என்று அதிகாரபூர்வமாகக் கண்டுபிடித்திருந்தார்கள். 2007 டிசம்பர்.

"நீ எப்படா வண்டி ஏறுன?"

"டிசம்பர் நாலு."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உலகத்தில் எத்தனையோ பேர் மேல் பழி போட்டார்கள். என் மேல் போட்டவர் அவர் ஒருவர்தான்.

கோடம்பாக்கத்தில் போர்டு இல்லாத ஒரு மாடிக்கு நண்பன் அழைத்துப்போனான். அங்கிருந்தவர் என் ரெசுமேயை, ஒழுகுகிற தொட்டியைக் கொத்தனார் பார்ப்பது போலப் பார்த்தார். "பதினோரு மாசமெல்லாம் ஒரு கேப்பா சார்? மூணு வருஷத்தையே அடைச்சுக் குடுத்திருக்கோம்." பே ஸ்லிப், ரிலீவிங் ஆர்டர், யாராவது விசாரித்தால் போனில் பேச ஆள், எல்லாம் சேர்த்து 33,000. மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். நான் ஊர் சுற்ற மாதம் எட்டாயிரம் ஆனது. சுற்றவே இல்லை என்று எழுதித் தர மாதம் மூவாயிரம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கொள்கை என்றெல்லாம் இல்லை, கையில் 33,000 இல்லை.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே 2009 ஜனவரி 7 வந்தது. கம்பெனிக் கணக்கில் ரொக்கமாகவும் பேங்க் இருப்பாகவும் காட்டிய பணத்தில் 5,040 கோடி உண்மையில் இல்லவே இல்லை என்று சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு தானே ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் அப்பா காபியை ஆறவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வேதனையை எங்கள் தாத்தா செத்தபோதுகூடப் பார்த்ததில்லை. "பேங்க் இருப்புடா! பேங்க்ல ஒரு கடுதாசி வாங்கிப் பார்த்தா முடிஞ்சு போச்சே!" பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்கு நீ தேவலாம். பதினஞ்சு ரூபாய்தான்" என்றார். என் வாழ்க்கையில் அப்பா வாயால் கேட்ட முதல் பாராட்டு அது.

கோடம்பாக்கத்துக்காரரும் அந்த வாரம் போன் செய்தார். "இப்ப வெரிஃபிகேஷன் ரொம்ப டைட் சார். ஐயாயிரம் கூட ஆகும்."

ஒரே ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு எச்ஆர் அம்மா, ஒரு டெக்னிக்கல் ஆள், நடுவில் ஒரு மேனேஜர்.

"இந்த கேப்?" என்றார் எச்ஆர்.

"டிராவல் மேடம்."

"ஓ, ஆன்சைட்டா?"

"இல்ல மேடம், இந்தியாவுக்குள்ளதான்."

"க்ளையன்ட் லொகேஷனா?"

"இல்ல. சும்மா."

"யார் செலவுல?"

"என் செலவுலதான்."

அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. டெக்னிக்கல் ஆள் தொண்டையைச் செருமி ஜாவாவில் ஒரு கேள்வி கேட்டார். பாதி பதில் சொல்லியிருப்பேன், மேனேஜர் குறுக்கிட்டார். "ஸ்பிதிக்கு பைக்ல போக முடியுமா?"

போகலாம் சார், ஆனால் மணாலிப் பக்கமிருந்து ஏறினால் தலை சுற்றும், கின்னோர் வழியாக மெதுவாக ஏறினால் உடம்பு பழகிவிடும் என்றேன். என் ரெசுமேயைத் திருப்பி, பின்பக்கம் படம் போடச் சொன்னார். போட்டேன். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று டெக்னிக்கல் ஆள் குறித்துக்கொண்டார். எச்ஆர் அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "காசியில எங்க தங்கினீங்க? எங்க அம்மா ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காங்க" என்றார். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தைச் சொன்னேன். இட்லி கிடைக்குமா என்றார். முக்கால் மணி நேரம் ஓடியது. பயணம் பற்றி என்னிடம் மனிதர்கள் கேட்டது அந்த முக்கால் மணி நேரம்தான். மூவரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். என் ரெசுமேயை மேனேஜர் தன் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார், ஃபைலில் வைக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தகவல் சொல்றோம்" என்றார்கள். சொன்னார்கள். பிப்ரவரி கடைசியில் மேனேஜரே கூப்பிட்டார். "தம்பி, மணாலி-லே ரோடு எப்பத் திறப்பாங்க?"

"ஜூன் ஆயிடும் சார்."

"பரவால்ல" என்றார். "எனக்கு நேரம் இருக்கு. போன வெள்ளிக்கிழமை அனுப்பிட்டாங்க."

கடைசியில் வேலை கொடுத்தது பேப்பரில் வந்த மூன்று வரி விளம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்கிற சின்னப் பட்டறை. ஸ்டாக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். பழைய இன்வாய்ஸின் வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே, "இந்த பதினோரு மாசத்துக்கு சர்ட்டிஃபிகேட் ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்றார்.

எந்த நினைப்பில் எடுத்துப் போனேனோ, பையில் நோட்டு இருந்தது. கொடுத்தேன். மனிதர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். டீ 4. டீ 4. பஸ் 62. சத்திரம் 50. திடீரென்று நிறுத்தினார்.

"இங்க ஒரே நாள்ல டீ நாப்பது ரூபாய் போட்டிருக்கே?"

"மலைச்சரிவு சார். ரோடு அடைச்சுக்கிச்சு. லாரி டிரைவர்ங்களுக்கும் சேர்த்து வாங்கிக் குடுத்தேன்."

"அடுத்தவனுக்கு வாங்கிக் குடுத்ததைத் தனி தலைப்புல எழுதணும் தம்பி" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மொத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாதக் கணக்குக்கு வகுத்தார்.

"பன்னெண்டாயிரம் தரேன்."

முன்னால் 32,000 வாங்கினேன் என்றேன்.

"தம்பி, மாசம் எட்டாயிரத்துல இந்தியாவையே சுத்திட்டு வந்திருக்கீங்க. இங்க அம்பத்தூருக்குத்தானே வந்துட்டுப் போகப்போறீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உலகத்திலேயே சம்பளப் பேச்சுவார்த்தைக்குத் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எழுதி, ரயிலேற்றி, காயவைத்து, கொண்டுபோய்க் கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன். தலையை ஆட்டினேன்.

அவர் நோட்டைத் திருப்பித் தரவில்லை. சிவப்பு மை மேல் விரலை வைத்தார். "இந்த டிக்கெல்லாம் யாரு போட்டது? பதினஞ்சு ரூபாய் வித்தியாசம்னு எழுதியிருக்கே?"

"எங்கப்பா. ட்ரெஷரில இருந்தாரு."

"இப்ப என்ன பண்றாரு?"

"சும்மாதான் இருக்காரு."

முதலாளி என்னிடம் பேசிய அத்தனை நேரமும் காட்டாத ஒரு ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரு வருவாரா?"

அப்பா வாரத்துக்கு மூன்று நாள், மாதம் 7,000. நாள் கணக்கில் பார்த்தால் என்னைவிட அதிகம், அதை அவரே போட்டுக் காட்டினார். முதல் வாரத்திலேயே கோடவுனில் நாற்பது பம்பர் குறைவதைக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் ஒரே டிபன் கேரியரில்தான் சாப்பிடுவோம், ஆனால் வேலை நேரத்தில் வவுச்சரில் என் கையெழுத்து இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அமெரிக்க அறிஞர்கள் மறுபடியும் கூடி, அந்த மந்தநிலை 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்று கண்டுபிடித்து அறிவித்தது 2010 செப்டம்பரில். அப்பா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 2009 மார்ச்சிலேயே, அம்பத்தூரிலிருந்து நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் பெரியப்பாவுக்குப் போன் போட்டார்.

"ரிசஷன் முடிஞ்சிடுச்சுண்ணே. ரெண்டு பேருக்குமே."