லெஸ்டரில் ஒரு புளிமாந்தண்பூ

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குண்டாற்றில் இந்த வருஷமாவது தண்ணீர் வந்ததா, இல்லை சீமைக்கருவேலம்தான் கரைபுரண்டு நிற்கிறதா?

நான் இருக்கும் ஊரை எழுத்துக்கூட்டினால் 'லெய்செஸ்டர்'. வாயில் வருவது 'லெஸ்டர்'. ஓர் அசையை ஓங்கிச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் ரேஷன் கடைப் பாமாயில் மாதிரி அளந்து ஊற்றுகிறார்கள். நாமோ எழுத்துக்கு எழுத்து மாத்திரை குறையாமல் கொடுத்துப் பழகியவர்கள்.

ஓங்குகிற இடமாவது நிலையாக நிற்குமா? ஃபோட்டோகிராஃபில் அழுத்தம் 'ஃபோ'வுக்கு. படம் எடுப்பவரைச் சொன்னால் 'ஃபடாக்ரஃபர்', அழுத்தம் 'டா'வுக்குத் தாவிவிடும். ஃபோட்டோகிராஃபிக் என்றால் 'கிரா'வுக்கு. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் குடல்வாலுக்கு அப்பென்டிக்ஸ், அழுத்தம் 'பென்'னில். அது வீங்கி அப்பென்டிசைட்டிஸ் ஆனதும் 'சை'யில். எல்லா அசையையும் சமமாகச் சொன்னால் எதிரே நிற்கும் நர்ஸ் 'சாரி?' என்பார். மன்னிப்பு இல்லை, திரும்பச் சொல் என்று அர்த்தம்.

பிரித்துப் பொருள் காண்பதில் மட்டும் நீங்கள் நடத்திய நன்னூல் கைகொடுக்கிறது. 'ஐட்டிஸ்' என்று விகுதி வந்தால் அழற்சி. பகுதி 'ஹெபட்' என்றால் கல்லீரல், 'கேஸ்ட்ர்' என்றால் இரைப்பை. பகுபதம் படித்தவனுக்கு இது பெரிய வித்தையா?

ஹெலிகாப்டரை எங்கே உடைப்பீர்கள்? ஹெலி, காப்டர் என்றுதானே? ஆங்கிலத்திலும் அப்படி உடைத்துத்தான் அது இறங்கும் இடத்துக்கு 'ஹெலிபேட்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 1861இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதை ஒட்டியது 'ஹெலிகோ', 'ப்டெர்' என்று; கிரேக்கத்தில் சுருள், இறக்கை. நாக்கு வெட்டும் இடம் வேறு, பொருள் வெட்டும் இடம் வேறு. யாப்பில் வகையுளி என்பீர்களே, அதேதான்!

நம் ஊரையும் அலகிட்டுப் பார்த்தேன். அருப்-புக்-கோட்-டை, வாய்பாடு புளிமாந்தண்பூ. கோட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. திருச்சுழியில் அப்படி இல்லை, திரு-சுழி என்று பொருள் பிரிகிற இடத்திலேயே அசையும் பிரிகிறது: திருச்-சுழி, கருவிளம். ரமணர் பிறந்த ஊர் அல்லவா, எந்தக் குழப்பமும் இல்லை.

தம்பி மகனுக்கு ஆங்கில அகராதி வாங்கினால் உச்சரிப்புக் குறி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேலே சின்னக் கோடு இருக்கும். அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்