எழுபதுக்கு அறுபத்தைந்து

கத்திவாக்கத்தில் 'புதுசு' என்பது கொஞ்ச நாள் சமாச்சாரம். பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பி சித்திரையில் துருவாக உதிரும். ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் தொழிற்சாலைப் புகை, நடுவில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கைபடாத அமெரிக்க வெள்ளி டாலர் சேர்க்கிறேன் என்றால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

சேர்ப்பது என்றால், இதுவரை ஒன்றுதான். 1881-இல் சான் பிரான்சிஸ்கோ மின்ட்டில் அடித்த மார்கன் டாலர். அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. பிரிக்க முடியாதபடி ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி, தலைமாட்டில் தரம் பார்ப்பவர்கள் மார்க் போட்ட ஒரு சீட்டு: 'எம்.எஸ். 65'. எம்.எஸ். என்றால் மின்ட் ஸ்டேட், புழங்காத நிலை.

"எத்தனைக்கு?" என்றான் பையன். எழுபதுக்கு என்றேன். "மீதி அஞ்சு எங்கே போச்சு?"

ரேங்க் கார்டு வரும் நாளெல்லாம் நான் அவனிடம் கேட்டது, வட்டியோடு திரும்பி வந்தது.

லென்ஸ் வைத்துக் காட்டினேன். சுதந்திர தேவியின் கன்னத்தில் இரண்டு மெல்லிய கீறல். மின்ட்டில் ஆயிரம் ஆயிரமாகச் சாக்கில் கட்டும்போது காசோடு காசு இடித்த காயம். கடைத்தெருவைப் பார்க்காத காசுக்கே இந்தக் கதி. எழுபது வாங்க வேண்டுமானால் ஐந்து மடங்கு லென்ஸிலும் குறை தெரியக் கூடாது.

"இன்னாத்துக்கு நைனா இவ்ளோ பேச்சு? புளியப் போட்டுத் தேச்சா கன்னம் பளபளன்னு ஆயிடும்" என்றாள் அத்தை. துலக்கிய நாணயத்துக்கு மார்க்கே கிடையாது, அதைச் சீட்டிலேயே எழுதி மானத்தை வாங்கிவிடுவார்கள் என்றேன். துலக்காததற்குப் பரிசு கொடுக்கும் தேசம் எப்படி உருப்பட்டது என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்த எழுபதை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற மனோதத்துவக்காரர். மனிதர்களையே உடல்வாகு பார்த்து ரகம் பிரித்தவர். 1949-இல் பழைய செப்புச் சென்ட்டுகளுக்கு மார்க் போட்டார். தேய்ந்தது ஒரு டாலர் என்றால் அப்பழுக்கற்றது எழுபது டாலர் என்பது கணக்கு. விலைக் கணக்கு பொய்த்தது, மார்க் நிலைத்தது. அவர் மறைந்த பிறகு ஒரு சங்கதி வெளிவந்தது: அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டு, மட்டமானவற்றை வைத்துவிட்டு வந்திருக்கிறார். தரம் தெரிந்த திருடர்.

சென்ட்டை விடுங்கள், இந்த மார்கன் டாலர்கள் குறைந்துபோனதில் நமக்கும் பங்குண்டு. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வர, 1917 நவம்பரில் சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டு வெளியிட்டது. நம் ஜனங்கள் காகிதத்தை நம்பவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் ஓடியது. 1918 பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். பெரும்பகுதி வெள்ளி நமக்கு ரூபாய் அடிக்கக் கப்பலேறியது. எந்த வருஷத்துக் காசு எத்தனை உருகியது என்று எழுதி வைக்கவில்லை. சேகரிப்பவர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தாத்தா காகிதம் வேண்டாம், வெள்ளி கொடு என்றார். பேரன் கையில் வெள்ளி இருக்கிறது, காகிதம் எங்கே என்கிறான்.

அத்தையின் சுருக்குப்பையில் 1918-ஆம் வருஷத்து ஜார்ஜ் ரூபாய் ஒன்று உண்டு. ராஜாவின் மூக்கு மழுங்கி, உச்சந்தலையில் வளையம் பற்றவைத்தது. வலை வாங்க, காது குத்த என்று கொலுசோடு சேர்ந்து சேட்டுக் கடைக்குப் போய்ப் போய் மீண்டது. "இதுல அமெரிக்க டாலர் கரைஞ்சிருக்கலாம், அத்தே" என்றேன்.

"இருக்கட்டும். உன்னுதுக்கு சேட்டு இன்னா குடுப்பாரு?"

கேட்டுத்தான் பார்ப்போமே என்று போனேன். அவர் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார், நகத்தால் தட்டினார். "உடைச்சு எடுத்துட்டு வாங்க, எடை போட்டுச் சொல்றேன்." எடை நான் சொல்கிறேன், 26.73 கிராம் என்றேன். தொண்ணூறு சதம் வெள்ளி என்றேன். கடைசியாகக் கொஞ்சம் பெருமையோடு அறுபத்தைந்தையும் சொன்னேன்.

"மார்க் ஷீட்டுக்கெல்லாம் இங்க பணம் குடுக்கறதில்ல சார்" என்றார்.